கிலோ விலையை எழுதி வையுங்கள், அண்ணாச்சி

தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் சூப்பர் மார்க்கெட் நடத்தும் உரிமையாளர்களுக்கு,



உங்களில் பலரை நாங்கள் இன்றும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறோம். சாக்குமூட்டைகளும் தொங்குதராசும் இருந்த கடை, ஏசி போட்ட இரண்டு மாடிக் கடையாகிவிட்டது. பெயர்ப்பலகையில் 'ஸ்டோர்ஸ்' போய் 'சூப்பர் மார்க்கெட்' வந்துவிட்டது. கல்லாவில் உங்கள் மகனோ மருமகனோ உட்கார்ந்திருக்கிறார். கூப்பிடும் முறை மட்டும் மாறவில்லை. அந்த உரிமையில்தான் இந்த மடல்.

பிஸ்கட் கம்பெனிக்கோ சோப்புக் கம்பெனிக்கோ எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதினால் 'உங்கள் கருத்தை மதிக்கிறோம்' என்று ஒரு மின்னஞ்சல் வரும், அதோடு சரி. நீங்கள் மனம் வைத்தாலோ, அடுத்த மாதச் சாமான் வாங்க நாங்கள் வரும்போதே பாதி வேலை முடிந்திருக்கும்.

விலை அப்படியே நிற்க, பாக்கெட்டுக்குள் இருக்கும் பொருள் மட்டும் இளைத்துக்கொண்டே போகிறதே, அதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

2022-ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி, சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைபட்டது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி, மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் மறுபடி திறந்துவிட்டது. சோப்பு, பிஸ்கட், மிக்சர், நூடுல்ஸ் என்று எதை எடுத்தாலும் அடியில் இருப்பது பாமாயில்தான். கம்பெனிகளுக்குச் செலவு கூடியது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. அந்தக் கோடையில் என்ன நடந்தது என்பது பத்திரிகைகளில் வந்தது, உங்கள் ரேக்கிலும் தெரிந்தது. பத்து ரூபாய் விம் பார் 155 கிராமிலிருந்து 135 கிராமுக்கு இறங்கியது. ஹால்திராம் ஆலு புஜியாவின் சின்னப் பாக்கெட் 55 கிராமிலிருந்து 42 கிராம் ஆனது. ஐந்து ரூபாய் பார்லே-ஜி 64-லிருந்து 55-க்கு வந்தது. மேலே அச்சடித்த விலையில் ஒரு பைசா மாற்றமில்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 155 கிராமில் 20 கிராம் போனால் குறைந்தது 13 சதவீதம். ஆனால் கிலோவுக்கு என்று போட்டுப் பார்த்தால் 64 ரூபாய் 50 காசுக்கு விற்ற சோப்பு 74 ரூபாய்க்குப் போயிருக்கிறது, அதாவது விலை ஏற்றம் 15 சதவீதம். 55 கிராம் 42 ஆனதில் குறைந்தது 24 சதவீதம். கிலோ விலை ஏறியதோ 31 சதவீதம். குறைவைச் சொல்லும்போது சின்ன எண்ணாகத் தெரிவது, விலையாகச் சொல்லும்போது பெரிய எண்ணாகிவிடுகிறது. கம்பெனிகள் 'கிராமேஜ் அட்ஜஸ்ட்மென்ட்' என்று பேசுவதற்கும், 'விலை உயர்வு' என்ற சொல்லை வாயில் எடுக்காததற்கும் இது ஒரு காரணம்.

கண் இதைக் கண்டுபிடிக்காது. பாக்கெட்டின் உயரமும் அகலமும் அப்படியே இருக்கும். காற்று மட்டும் கூடியிருக்கும். சோப்பின் நீள அகலம் மாறாது; அடிப்பக்கம் குழிந்திருக்கும், 'கையில் பிடிக்க வசதி' என்பார்கள். ஜாடியின் அடியை உள்ளுக்குத் தள்ளிவிடலாம், பிஸ்கட் தட்டின் குழியை அகலமாக்கிவிடலாம். பிரிட்டனில் 2016-ல் டாப்ளரோன் சாக்லேட்டில் முக்கோணங்களுக்கு நடுவே இடைவெளியை அகலப்படுத்தி 400 கிராமை 360 ஆக்கினார்கள்; பட்டையின் நீளம் பழையபடியே இருந்தது. பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது என்று நாடே சிரித்தது. அந்த நாட்டின் புள்ளியியல் அலுவலகம் 2012 தொடங்கி ஐந்தரை ஆண்டுகளைக் கணக்கெடுத்து, 2,529 பொருட்கள் அளவில் சுருங்கியிருப்பதாகச் சொன்னது. நம் ஊரில் அப்படி எண்ணிச் சொல்ல யாரும் இல்லை. எண்ண வேண்டுமானால் உங்கள் கொள்முதல் பில்களை வைத்துத்தான் எண்ண வேண்டும்.

சமையலறையில் இது எப்படித் தெரியவருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கம்பெனியின் கணக்கில் வராத பகுதி அது. எங்கள் வீடுகளில் பாக்கெட் என்பதே ஓர் அளவு. ஒரு பாக்கெட் சேமியாவுக்கு ஒரு லிட்டர் பால் என்று பாயசம் பழகிய கை, 200 கிராம் பாக்கெட் 180 ஆனதும் 'பாயசம் ஏன் தண்ணியா இருக்கு?' என்று பாலைத்தான் சந்தேகிக்கும். பால்காரருக்குத் திட்டு விழும். மாதத்துக்கு இத்தனை பாத்திர சோப்பு, இத்தனை பற்பசை என்று சிட்டை எழுதி வைத்திருக்கும் வீட்டில் இருபத்தைந்தாம் தேதியே தீர்ந்துபோனால், 'யார் இப்படி அள்ளிப் பூசுறது?' என்று பிள்ளைகள் மீது பாய்வார்கள். குறைத்தவர் யாரோ, குற்றவாளி வீட்டுக்குள். பணவீக்கத்தைப் பற்றிய எந்த அறிக்கையிலும் இந்தச் சண்டைகள் இடம்பெறுவதில்லை.

அதைவிட முக்கியமானது, இது யாருக்கு நடக்கிறது என்பது. ஐந்து கிலோ சோப்புத்தூள் மூட்டையில் கம்பெனி வெளிப்படையாக விலையை ஏற்றிவிடும். அதை வாங்குபவர் பார்ப்பார், யோசிப்பார், வேறு பிராண்டுக்குப் போவார். ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டில்தான் விலையைத் தொடாமல் எடையைக் குறைப்பார்கள். அன்றன்றைக்குக் கூலி வாங்கி அன்றன்றைக்குச் சாமான் வாங்குபவர்கள் எடுப்பது அந்தப் பாக்கெட்டைத்தான். வசதியுள்ளவருக்கு விலை ஏறியது தெரியும்; இல்லாதவருக்குச் சொல்லாமலேயே ஏறும். சின்னப் பாக்கெட் என்ற ஏற்பாட்டின் மீது எனக்குக் கோபமில்லை. அதற்கு வழிகாட்டியதே நம் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன்தானே. பெரிய பாட்டில் வாங்க முடியாதவர் வீட்டுக்கும் ஷாம்பு போக வேண்டும் என்று சாஷேயில் அடைத்தார். அவர் பிள்ளைகள் வெல்வெட், சிக் என்று நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். ஏழைக்கு எட்டும்படி செய்யத்தான் அந்தச் சின்னப் பொட்டலம் வந்தது. அதே பொட்டலத்தில் ஏழைக்குத் தெரியாமல் குறைப்பது அதற்கு நேர் எதிரான வேலை.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்டால், உங்களைத்தான் பிடிக்கிறது. உங்கள் கடைத் தராசை ஆண்டுக்கொரு முறை முத்திரையிட வேண்டும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வந்து, கிலோவுக்கு இருபது கிராம் குறைவாக நிறுக்கிறது என்று கண்டுபிடித்தால் வழக்கு. நியாயம்தான். ஆனால் நூறு கிராம் பாக்கெட்டை எண்பது கிராமாக்கி, அதே விலையில், அதே நிறத்தில், அதே உயரத்தில் உங்கள் ரேக்கில் நிறுத்தினால் அது சட்டப்படி சரி, ஏனென்றால் பின்பக்க ஓரத்தில் '80 கி' என்று போட்டிருக்கிறதாம். தராசில் இருபது கிராம் குறைத்தவர் குற்றவாளி. பாக்கெட்டில் இருபது கிராம் குறைத்தவருக்கு ஆண்டு முடிவில் பங்குதாரர் கூட்டத்தில் கைதட்டு.

ஒரு காலத்தில் இதற்கு ஓரளவு கடிவாளம் இருந்தது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளில் ஓர் அட்டவணை உண்டு. பிஸ்கட், தேயிலை, காபித்தூள், சமையல் எண்ணெய், சோப்பு, உப்பு உள்ளிட்ட 19 வகைப் பொருட்களை இன்ன இன்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று அது சொன்னது. 2021-ல் கொண்டுவந்த திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். இனி எந்த எடையிலும் அடைக்கலாம். அதற்கு ஈடாக, பொட்டலத்தின் மீது அலகு விலையை அச்சிட வேண்டும் என்றார்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் கிராமுக்கு எவ்வளவு, அதற்கு மேற்பட்டது என்றால் கிலோவுக்கு எவ்வளவு. 2024 ஜனவரி முதல் இது கட்டாயம்.

காகிதத்தில் பார்த்தால் நல்ல மாற்றுதான். ஆனால் உங்கள் பிஸ்கட் ரேக்குக்குப் போய், பத்து ரூபாய்ப் பாக்கெட் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். எம்.ஆர்.பி.க்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், கிராமுக்கு 0.08 ரூபாய் என்று இருக்கும். விதி இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கச் சொல்கிறது. எட்டுக் காசு என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? 133 கிராம் பாக்கெட்டைப் பத்து ரூபாய்க்கு விற்றாலும் கிராமுக்கு 0.08 என்றுதான் வரும். அதே பாக்கெட்டை 118 கிராமாகக் குறைத்தாலும் 0.08 என்றுதான் வரும். பதினைந்து கிராம் காணாமல் போயிருக்கிறது, கிலோ விலை 75 ரூபாயிலிருந்து 85 ரூபாய்க்கு ஏறியிருக்கிறது, ஆனால் வாங்குபவரைக் காப்பாற்ற என்று அச்சிட்ட எண்ணில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. கிராமுக்கு விலை கேட்டு யார் பருப்பு வாங்குகிறார்கள்? தங்கத்தைத் தவிர எதையும் நாம் கிராமில் விலை பேசுவதில்லை. கத்தரிக்காய் கிலோ நாற்பது, துவரம்பருப்பு கிலோ இவ்வளவு என்றுதான் நம் மூளை பழகியிருக்கிறது. ஐரோப்பாவில் 1998-லேயே கிலோவுக்கு, லிட்டருக்கு என்ன விலை என்று காட்டச் சொல்லிவிட்டார்கள். இங்கே கிராமுக்கு என்று வைத்ததால் விதி இருக்கிறது, பயன் இல்லை.

எண்ணெய் விஷயம் இன்னும் வேடிக்கை. ஒரு லிட்டர் எண்ணெய் சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ 910 கிராம் இருக்கும். சூடேறினால் எண்ணெய் விரியும். அதே ஒரு லிட்டரில் எடை குறையும். சில கம்பெனிகள் '60 டிகிரியில் ஒரு லிட்டர்' என்று அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்தன. சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டருக்கு 919 கிராம் என்றால், 60 டிகிரியில் 892.6 கிராம்தான். அறுபது டிகிரி வெயில் எந்த ஊரில் அடிக்கிறது? வேலூரில்கூட இல்லை. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் துறை தலையிட்டு, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் எடையையும் சரியாகப் போடுங்கள் என்று உத்தரவிட்டது. ஒரு கதவை அடைத்தார்கள். அட்டவணை போனதால் திறந்த கதவு வழியாக இப்போது ஒரு லிட்டர் பாக்கெட்டின் தோற்றத்திலேயே 850 மில்லி, 800 மில்லி வருகிறது. 150 ரூபாய்க்கு ஒரு லிட்டரும், 138 ரூபாய்க்கு 850 மில்லியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எங்கள் கை எதை எடுக்கும் என்று உங்களுக்கே தெரியும். பன்னிரண்டு ரூபாய் மிச்சம் என்று எடுத்தவர், லிட்டருக்கு 162 ரூபாய் கொடுத்திருக்கிறார்.

கம்பெனிகள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் மடல் ஒருபக்கமாகிவிடும். 'ஐந்து ரூபாயை ஐந்தரை ரூபாயாக்கினால் கடையில் சில்லறை இல்லை, விற்பனை படுத்துவிடும், அதனால்தான் எடையில் கைவைக்கிறோம்' என்பார்கள். முழுப் பொய்யில்லை. 25 காசு 2011 ஜூனோடு செல்லாமல் போனது. 50 காசு சட்டப்படி செல்லும். உங்கள் கல்லாவில் செல்லாது. மீதிச் சில்லறைக்குப் பதில் நீங்கள் நீட்டும் மிட்டாயைத் தின்று வளர்ந்த தலைமுறை நாங்கள்! ஆனால் இன்று பத்து ரூபாய்க்கும் கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்கிறோம். போனுக்குச் சில்லறைத் தட்டுப்பாடு கிடையாது.

2025 செப்டம்பர் 22-ல் பிஸ்கட், சோப்பு, ஷாம்பு, பற்பசை மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானபோது இந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று தெரிந்தது. வரி குறைந்ததை வாங்குபவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில், ஐந்து ரூபாய் பிஸ்கட் 4 ரூபாய் 45 காசு என்று அச்சிட்டு வந்தது. முடியவே முடியாது என்ற சில்லறை விலை, அரசு கண்ணை உருட்டியதும் முடிந்தது. பிறகு வட்டமான விலைக்கே திரும்பி, எடையைக் கூட்டித் தருவதாகச் சொன்னார்கள். கூட்டும்போது மஞ்சள் பட்டையில் '20 சதவீதம் கூடுதல்' என்று முகப்பிலேயே கொட்டை எழுத்து. குறைக்கும்போது பின்பக்கத்தில், மடிப்புக்குள், வெள்ளி நிறத்தின் மேல் சாம்பல் எழுத்து. எடை மாறியதைப் பெரிதாக அச்சிடும் இயந்திரம் அவர்களிடம் இருக்கிறது. ஒரு திசையில் மட்டும்தான் அது ஓடுகிறது.

இனி நேரே உங்களிடம் வருகிறேன். எடை குறைந்ததை முதலில் அறிபவர் நீங்கள். ஏஜென்சி வண்டி வந்து அட்டைப்பெட்டியை இறக்கும்போதே தெரிந்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் எடை மாறியிருக்கும், சில சமயம் எண்ணிக்கையும் மாறியிருக்கும். லைனுக்கு வரும் சேல்ஸ்மேன், 'அண்ணாச்சி, புது ஸ்டாக் வருது, பழசை முன்னாடி தள்ளிடுங்க' என்று காதோடு சொல்லிவிட்டுப் போவார். கம்ப்யூட்டரில் புது எடைக்குப் புதுக் குறியீடு ஏற்றுவது உங்கள் ஆள்தான். பழைய பாக்கெட்டும் புதுப் பாக்கெட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு வாரம், இந்த உலகத்தில் உண்மை தெரிந்த இடம் உங்கள் குடோன் ஒன்றுதான். அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு பழையது தீர்ந்துவிடும், ஒப்பிட எதுவும் இருக்காது.

'எங்களுக்கு இதில் என்ன பங்கு, அவன் போட்ட விலைக்கு விற்கிறோம்' என்பீர்கள். உண்மைதான், எடையை நீங்கள் குறைக்கவில்லை. ஆனால் காய்கறிப் பிரிவில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று பாருங்கள். கத்தரிக்காயைத் தராசில் வைத்ததும் ஒரு ஸ்டிக்கர் வருகிறது. அதில் கிலோ விலை இருக்கிறது, எடை இருக்கிறது, கொடுக்க வேண்டிய தொகை இருக்கிறது. மூன்றும் தெளிவாக, படிக்கும் அளவில். கத்தரிக்காய்க்கு உள்ள நேர்மை பிஸ்கட்டுக்கு ஏன் இல்லை? கிலோ விலையை அச்சிடும் இயந்திரம் உங்கள் கடைக்குள்ளேயே இருக்கிறது, பத்தடி தள்ளி.

நான் கேட்பது இதுதான். ரேக் விளிம்பில் நீங்கள் ஒட்டும் விலைச் சீட்டில் பாக்கெட் விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், தமிழில், 'கிலோ 85 ரூபாய்', 'லிட்டர் 162 ரூபாய்' என்று எழுதுங்கள். கிராமுக்கு இத்தனை காசு என்ற கணக்கைக் கம்பெனி வைத்துக்கொள்ளட்டும். ஒரு பொருளின் எடை குறைந்து வந்தால், அந்த இடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு சீட்டுத் தொங்கட்டும்: முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு, கிலோ விலை ஏற்றம் இவ்வளவு. திட்ட வேண்டாம், கம்பெனியைக் குறை சொல்ல வேண்டாம், தகவல் மட்டும் போதும். வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவுசெய்துகொள்கிறோம். ஒருவேளை எடை குறைந்தாலும் அதுதான் பிடிக்கும் என்று அதையே எடுப்போம்; தெரிந்து எடுப்பது வேறு.

இது கனவில்லை. பிரான்சில் கார்ஃபூர் என்ற பெரிய கடைச் சங்கிலி 2023 செப்டம்பரில் இருபத்தாறு பொருட்களின் முன்னால் இப்படிச் சீட்டு ஒட்டியது. லிப்டன் ஐஸ் டீ ஒன்றரை லிட்டரிலிருந்து ஒன்றேகால் லிட்டராகியிருந்தது. அதைக் கடையே மக்களிடம் சொன்னது. கம்பெனிகளோடு விலை பேரம் நடந்துகொண்டிருந்த நேரம் அது, கார்ஃபூர் ஒன்றும் தர்ம சத்திரம் நடத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் வேலை நடந்தது. 2024 ஜூலை 1 முதல் அங்கே அது சட்டமாகவே ஆகிவிட்டது: 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள், அளவு குறைந்த பொருளுக்கு அருகில் பழைய அளவு, புது அளவு, அலகு விலை ஏற்றம் மூன்றையும் இரண்டு மாதம் எழுதி வைக்க வேண்டும். தென்கொரியாவில் அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து உற்பத்தியாளரே மூன்று மாதத்துக்கு அறிவிக்க வேண்டும், தவறினால் அபராதம்.

கம்பெனி கோபித்துக்கொண்டு சரக்கை நிறுத்திவிடும், டிஸ்ப்ளேவுக்குக் கொடுக்கும் வாடகையை வெட்டிவிடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். தனிக்கடைக்கு அந்தப் பயம் நியாயமானது. சேர்ந்து நின்றால் அப்படியில்லை என்பதை நீங்களே காட்டியிருக்கிறீர்கள். ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. எத்தனையோ கடைகளில் குளிர்பெட்டி காலியானது, போவொண்டோ முன்வரிசைக்கு வந்தது. அது எவ்வளவு காலம் நீடித்தது என்பது வேறு கதை. உலகின் மிகப் பெரிய இரண்டு குளிர்பானக் கம்பெனிகள் தமிழ்நாட்டு மளிகைக்கடைக்காரர்களைத் திரும்பிப் பார்த்தன என்பதுதான் எனக்கு முக்கியம். நான் கேட்பது அதில் கால்வாசிகூட இல்லை. எதையும் புறக்கணிக்கச் சொல்லவில்லை. ஒரு சீட்டு ஒட்டச் சொல்கிறேன்.

உங்கள் சொந்தப் பொட்டலங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கடைப் பெயர் போட்டு நீங்களே கட்டும் பருப்பு, உளுந்து, மிளகாய்த்தூள், முந்திரி பாக்கெட்டுகள் இப்போது நன்றாக விற்கின்றன. பெரும்பாலான கடைகளில் அரைக்கிலோ என்றால் அரைக்கிலோ இருக்கிறது. சில கடைகளில் 480, 450 என்று அதுவும் இளைக்கத் தொடங்கியிருப்பதைப் பார்க்கிறேன். அந்தப் பாதையில் போகாதீர்கள். கம்பெனிக்காரர் பல நூறு மைல் தூரத்தில் இருக்கிறார்; நீங்கள் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் எங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்.

யார் தொடங்குவது என்றால், எனக்குத் தோன்றுவது கூட்டுறவு, அரசுக் கடைகள். சென்னையில் 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அதன் காமதேனு கடைகளும் இருக்கின்றன, சிந்தாமணி இருக்கிறது, நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் அமுதம் அங்காடிகள் இருக்கின்றன. அவற்றுக்கு எந்தக் கம்பெனியின் ஏரியா மேனேஜரையும் கண்டு நடுங்க வேண்டியதில்லை. அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். இந்த மடலைப் படிக்கும் கூட்டுறவுத் துறை அதிகாரி யாராவது இருந்தால் இதைத் தனக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் தொடங்கட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். அரசுச் சுற்றறிக்கை எந்த வேகத்தில் நகரும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

செலவு என்று பார்த்தால் விலைச் சீட்டு எப்படியும் அடிக்கிறீர்கள். பில் போடும் மென்பொருளில் எடை ஏற்கனவே இருக்கிறது. விலையை எடையால் வகுக்கும் கணக்கை உங்கள் கம்ப்யூட்டர் பையன் ஒரு மத்தியானத்தில் சேர்த்துவிடுவார். எல்லாப் பொருளுக்கும் ஒரே நாளில் வேண்டாம். பிஸ்கட், சோப்பு, சமையல் எண்ணெய், சோப்புத்தூள் நான்கில் தொடங்கலாம். எடை குறைப்பு அதிகம் நடப்பது அங்கேதான்.

ஆண்டுதோறும் மே 5-ல் வணிகர் தினம் கொண்டாடுகிறீர்கள். மாநாட்டுப் பந்தலில் ஆன்லைன் வணிகத்துக்கு எதிராகவும், வெளிநாட்டுக் கடைச் சங்கிலிகளுக்கு எதிராகவும், வரிச் சிக்கல்களுக்கு எதிராகவும் தீர்மானங்கள் போடுகிறீர்கள். அவற்றில் பலவற்றோடு எனக்கும் உடன்பாடுதான். ஆன்லைனில் வாங்காமல் உங்களிடம் வாருங்கள் என்று எங்களைக் கேட்கும் அந்த மேடையிலேயே, வந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்றும் சொல்லுங்கள். எடை குறைந்த பொருளுக்கு இரண்டு மாதம் அறிவிப்புச் சீட்டு வைப்போம், ரேக்கில் கிலோ விலையைத் தமிழில் எழுதுவோம் என்று அடுத்த மே 5-ல் ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். அதுவரை காத்திருக்க மனமில்லாதவர்கள் நாளைக் காலை கடை திறந்ததும் பிஸ்கட் ரேக்கில் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடையில் மாதச் சாமான் வாங்கும் ஒருத்தி